பச்சை டப்பாவின் கடைசி வரி

பஸ் டிப்போவில் அக்காவுக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் 'அரை நிமிஷம்'. பக்கவாட்டுக் கண்ணாடியில் யாராவது பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவது தெரிந்துவிட்டால் அவருக்குக் கதவை மூடக் கை வராது. அரை நிமிஷம் பொறுப்பார். ஒரு நடையில் மூன்று பேர் அப்படி ஓடி வந்தால் கடைசி நிறுத்தத்தில் ஒன்றரை நிமிஷம் தாமதம் என்று பதிவாகும். நேரக்காப்பாளர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "என்னம்மா, இன்னிக்கு எத்தனை பேர் ஓடி வந்தாங்க?" என்று கேட்பார். அக்கா விரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவார். நின்று பதில் சொல்லத் தெம்பு இருக்காது.

இருபத்திரண்டு வருஷமாகப் பஸ் ஓட்டுகிறார். வயது ஐம்பத்து மூன்று. ஆள் குள்ளம் என்பதால் ஓட்டுநர் இருக்கையை எட்டின மட்டும் உயர்த்தி, முதுகுக்குப் பின்னால் பழைய சீருடைத் துணியில் தைத்த ஒரு திண்டு வைத்துக்கொள்வார். அந்தத் திண்டைத் தூக்கிக்கொண்டு அவர் டிப்போ முற்றத்தில் நடந்து வந்தால் மணி நாலே முக்கால் என்று அர்த்தம்.

ஐந்து மணிக்கு முதல் நடை. ஒன்பதரைக்கு இறங்கிவிடலாம். மறுபடி இரண்டு மணிக்கு ஏறி ஏழு மணிக்கு இறங்க வேண்டும். டிப்போவில் இதற்கு 'உடைஞ்ச நாள்' என்று பெயர். இடையில் இருக்கும் நாலரை மணி நேரம் பார்ப்பதற்கு நிறைய இருப்பது போலத்தான் இருக்கும். வீட்டுக்குப் போக ஐம்பது நிமிஷம், வர ஐம்பது நிமிஷம். ஈரத்துணியைக் கொடியில் போட்டுவிட்டு வரலாம், காய்ந்ததை எடுக்க முடியாது. அதனால் ஓய்வறையிலேயே இருந்துவிடுவார். அங்கே படுக்க இடமில்லை. பிளாஸ்டிக் நாற்காலிகள், சத்தமில்லாமல் ஓடும் ஒரு டிவி, யார் யாருடைய சாப்பாடு என்று சீட்டு ஒட்டிய ஃபிரிட்ஜ். மூலை நாற்காலியில் உட்கார்ந்து சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடுவார். அவர் தலை படும் இடத்தில் பெயின்ட் கறுத்து ஒரு வட்டம் விழுந்திருக்கிறது. இரண்டு தடவை வெள்ளையடித்தும் வட்டம் திரும்ப வந்துவிட்டது.

இப்படி இருக்கிறவருக்குக் களைப்பு வருவதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் சென்ற வருஷம் வந்த களைப்பு வேறு மாதிரி. ஞாயிற்றுக்கிழமை பத்து மணி நேரம் தூங்கி எழுந்தாலும் திங்கட்கிழமை காலை திண்டு கனத்தது. சிவப்பு விளக்கில் நிற்கும்போது பச்சை விழ வேண்டாம் என்று இருந்தது. அதை அவர் தங்கையிடம் சொன்னார். அதுதான் தொடக்கம்.

தங்கை ஏழு வயது இளையவள். பயணச்சீட்டு விற்கும் அலுவலகம் ஒன்றில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தாள். எல்லாரும் ஃபோனிலேயே சீட்டு எடுக்கத் தொடங்கியதும் அலுவலகத்தை மூடிவிட்டார்கள். மகன் வெளியூரில் படிக்கிறான். வீட்டில் அவளும் அவள் வாயும்தான். ஒரு வருஷம் சும்மா இருந்து பார்த்துவிட்டு, மூலிகை மாத்திரையும் வைட்டமின் மாத்திரையும் விற்கும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்துகொண்டாள். முன்னறை சோபாவைச் சுவரோரம் தள்ளி, எதிரே மூன்று அலமாரி அடித்து, டப்பாக்களை நிறம் பிரித்து அடுக்கினாள். ஆரஞ்சு டப்பாவில் வைட்டமின். பச்சை டப்பாவில் மூலிகை, மன உளைச்சலுக்கும் அட்ரினலுக்கும்.

வருகிறவர்களிடம் முதலில் ஒரு கேள்வித்தாளைக் கொடுப்பாள். இருபது கேள்வி. காலையில் எழுந்ததும் இன்னும் கொஞ்சம் படுத்தால் தேவலை என்று இருக்கிறதா? மூன்று மணி வாக்கில் ஆள் சரிகிறதா? உப்பாக ஏதாவது கொறிக்கத் தோன்றுகிறதா? சின்ன விஷயத்துக்கும் எரிச்சல் வருகிறதா?

அக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அதிகம் பேசமாட்டார். அந்தத் தாளை வாங்கி மேலிருந்து கீழ் வரைக்கும் படித்துவிட்டு, "இதுக்கெல்லாம் இல்லைன்னு எழுதுறவன் போஸ்டர்ல சிரிக்கிறவனாத்தான் இருக்கணும்" என்றார்.

அக்காவுக்கு இருபதுக்குப் பதினேழு.

"நான் நினைச்சேன்" என்றாள் தங்கை. "உன் அட்ரினல் படுத்துடுச்சுக்கா. கிட்னி தலையில தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும். பயந்தா, பதறினா அதுதான் ஓடி வந்து வேலை செய்யணும். நீ இருபத்திரண்டு வருஷமா பதறிப் பதறி பிரேக் மிதிக்கிறே. அது பாவம் எவ்வளவுதான் தாங்கும்?"

"அதுக்கும் உடைஞ்ச நாள்தான் போலிருக்கு" என்றார் கணவர்.

"அத்தான், நீங்க சும்மா இருங்க. அக்கா, பச்சை டப்பாவுல காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு. நான் ஃபோன் பண்ணி ஞாபகப்படுத்துறேன்."

சொன்னபடி செய்தாள். தினம் ஒன்பது நாற்பதுக்கு, அக்கா மூலை நாற்காலியில் உட்காரும் நேரம் பார்த்து, ஃபோன் அடிக்கும். "போட்டியா?" "போட்டேன்." "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்." "கண்ணை மூடு, போ." அவ்வளவுதான் பேச்சு. முதல் மாதம் அக்காவுக்கு நிஜமாகவே நன்றாக இருந்தது. உடம்பு லேசாக இருப்பதாகப் பட்டது. ஓய்வறையில் இருப்பவர்களிடம்கூட, "என் தங்கச்சி குடுக்கிறா, கேக்குதுப்பா" என்று சொன்னார். நேரக்காப்பாளரே ஒரு ஆரஞ்சு டப்பா வாங்கினார்.

மூன்றாவது மாதம் பழைய களைப்பு திரும்பி வந்தது. கூடவே ஒரு புதுச் சாமானையும் கொண்டுவந்தது. கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. தங்கை யோசித்தாள். "உள்ள போய் வேலை செய்யுது, அதான். மூணாக்கு." அக்கா மூன்றாக்கினார்.

இந்த இடத்தில் டிப்போவின் ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். ஓட்டுநர் ஏதாவது மருந்து சாப்பிடுவதாகச் சொன்னால், அதைச் சாப்பிட்டுவிட்டு வண்டி ஓட்டலாம் என்று ஒரு டாக்டர் கையெழுத்துப் போடும்வரை அவரைச் சாலைக்கு அனுப்ப மாட்டார்கள். கையெழுத்து வர ஒரு நாளும் ஆகலாம், பத்து நாளும் ஆகலாம். அதனால் டிப்போவில் மருந்து என்ற வார்த்தையை யாரும் வாயில் எடுப்பதில்லை. இருமல் டானிக்கை 'சளிக்குச் சூடா ஒண்ணு' என்பார்கள். தலைவலி மாத்திரை 'பட்டன்'. வருஷப் பரிசோதனைப் படிவத்தில் 'தற்போது எடுத்துக்கொள்ளும் மருந்துகள்' என்ற வரிக்கு எதிரே எல்லாரும் ஒரே மாதிரி 'இல்லை' என்று எழுதுவார்கள். பேனாவே அங்கே போனால் அதைத்தான் எழுதும். அக்காவும் எழுதினார். அவர் பொய் எழுதுகிற ஆள் இல்லை. டப்பாவில் இருப்பது வேர், இலை, சத்து. அதைப் போய் யாராவது மருந்து என்பார்களா?

அந்தப் பரிசோதனைக்கு முந்தைய நாள் தங்கை சொன்னாள்: "டாக்டரைப் பார்த்தாலே உனக்குப் படபடன்னு வரும். நாளைக்குக் காலையில மட்டும் ரெண்டு சேர்த்துப் போடு. அமைதியா இருக்கும்."

இரத்த அழுத்தம் நூற்று அறுபத்தெட்டுக்கு நூற்று இரண்டு என்று வந்தது.

நர்ஸ் பட்டையைக் கழற்றி, பத்து நிமிஷம் உட்காரச் சொல்லி, மறுபடி கட்டிப் பார்த்தார். இறங்கவில்லை. அக்காவின் தகுதி அட்டையை ஒரு உறையில் போட்டு ஒட்டினார். ஒரு வரியில் சொன்னால் விதி இதுதான்: பன்னிரண்டு வாரத்துக்குள் இன்னும் இரண்டு பரிசோதனை, கடைசியிலும் அளவுக்குள் வராவிட்டால் அட்டை திரும்ப வராது. அட்டை இல்லாத ஓட்டுநர் ஓட்டுநர் இல்லை.

அடுத்த நாளிலிருந்து அக்காவுக்குத் தொலைந்த பொருள் அறையில் வேலை. எட்டு மணிக்கு வந்து நாலு மணிக்குப் போகலாம். நாள் உடையாது. ஒரு மேசை, ஒரு ஜன்னல். பஸ்களில் மறந்துவிட்டுப் போன குடைகள், ஒற்றைக் கையுறைகள், குழந்தைகளின் தண்ணீர்ப் புட்டிகள், ஒரு பல்செட். ஒரு டிரேயில் மூக்குக் கண்ணாடிகள் மட்டும் நாற்பதுக்கு மேல். நிம்மதியான வேலை என்று எல்லாரும் சொன்னார்கள். அக்காவுக்கு ஜன்னல் பக்கம் திரும்பவே பிடிக்கவில்லை. அவர் ஓட்டிய வண்டி தினமும் அந்த வழியாகத்தான் வெளியே போகும். வேறு ஒருவர் ஓட்டினார். இருக்கையைத் தாழ்த்தியிருந்தார்.

"பதற்றம்தான்கா" என்றாள் தங்கை. "அட்டையைப் பிடுங்கிட்டாங்கல்ல, அந்தக் கவலைக்கே ஏறும். நாலாக்கு. நான் நாலுதான் போடுறேன், என்னைப் பார்."

நாலு வாரம் கழித்து இரண்டாவது பரிசோதனை. நூற்று எழுபத்தாறுக்கு நூற்று நாலு. மோதிரம் விரலில் இறுகிக் கழற்ற வரவில்லை. மாடிப்படியில் பாதியில் கால் இரண்டும் மாவு மாதிரி ஆகிவிட, கைப்பிடியைப் பிடித்து நின்றுதான் ஏறினார். இந்தத் தடவை ரத்தம் எடுத்தார்கள். மூன்று நாள் கழித்து கிளினிக் டாக்டர் கூப்பிட்டனுப்பினார்.

அந்த டாக்டரம்மாவும் நன்றாகத் தூங்கி நாளாகியிருக்கும் போல இருந்தது. மேசையில் ஆறிப்போன டீ ஆடை கட்டியிருந்தது.

"பொட்டாசியம் ரொம்பக் குறைஞ்சிருக்கு. அழுத்தம் ஏறியிருக்கு. ரெண்டும் சேர்ந்து வந்தா நாங்க ஒரு இடத்தைத்தான் முதல்ல பார்ப்போம். கிட்னிக்கு மேல இருக்கிற அட்ரினல் சுரப்பி. அதுல சின்னதா ஒரு கட்டி இருந்தாலும் இப்படி ஆகும். பெரும்பாலும் கெட்ட கட்டியா இருக்காது. ஆனா பார்த்துடணும். ஸ்கேனுக்கு எழுதுறேன்."

அக்காவுக்கு அட்ரினல் என்ற சொல்லுக்கு மேல் எதுவும் காதில் ஏறவில்லை.

"கறுப்பு மிட்டாய் ஏதாவது நிறையச் சாப்பிடுவீங்களா? வேர்ல செய்யறது?"

"மிட்டாயே சாப்பிடறதில்லைங்க."

"மருந்து ஏதாவது?"

"இல்லைங்க."

டாக்டர் பொட்டாசியத்துக்கும் அழுத்தத்துக்கும் மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஸ்கேனுக்கு இரண்டு வாரம் கழித்துத் தேதி.

செய்தியைக் கேட்டதும் தங்கை ஒரு நிமிஷம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பார்த்தியா, நான் அப்பவே சொன்னேன்ல, அட்ரினல்தான்னு. இருபது கேள்வியில நான் கண்டுபிடிச்சதை அவங்க ரத்தம் எடுத்துக் கண்டுபிடிச்சிருக்காங்க" என்றாள். துக்கமும் பெருமையும் ஒரே குரலில் வந்தன. அந்த வாரமே ஐந்தாறு பேருக்குப் பெயர் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறாள். பச்சை டப்பா வேகமாகப் போனது.

அக்கா ராத்திரி தூங்கவில்லை, பகலில் விழிக்கவில்லை. கட்டி என்ற சொல் தொலைந்த பொருள் அறையில் குடைகளுக்கு நடுவே அவருடனேயே உட்கார்ந்திருந்தது. மத்தியானத்து மாத்திரைகளை டிக்கெட் தாளில் மடித்துச் சட்டைப் பையில் வைத்திருப்பார். ஒரு நாள் நல்ல வெக்கை. மடிப்பைப் பிரித்தால் ஒரு மாத்திரை வியர்வையில் இளகி உடைந்து தூள் தாளில் ஒட்டியிருந்தது. வீணாக்க மனமில்லாமல் விரலில் ஒற்றி நாக்கில் வைத்தார்.

இனித்தது.

சர்க்கரை இனிப்பு இல்லை. நாக்கில் தங்கி, தொண்டை வரைக்கும் இறங்கி, வெகு நேரம் போகாமல் நிற்கிற இனிப்பு. இருமலுக்கு வாயில் அடக்கிக்கொள்கிற வேரின் இனிப்பு. ஐந்து மாதமாகத் தண்ணீர் விட்டு விழுங்கிக்கொண்டிருந்த பொருளின் ருசி அவருக்கு அன்றுதான் தெரிந்தது. மிட்டாயே சாப்பிடறதில்லைங்க என்று டாக்டரிடம் சொன்னது கூடவே ஞாபகம் வந்தது.

கைப்பையிலிருந்த டப்பாவை எடுத்தார். பின்பக்கம் எறும்பு ஊர்ந்தது போல எழுத்து. அவருடைய கண்ணாடி வண்டி ஓட்ட, தூரத்துக்கு. டிரேயை இழுத்து, யார் யாரோ தொலைத்த கண்ணாடிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். ஒன்று தலைசுற்ற வைத்தது, இன்னொன்று டப்பாவைத் தட்டு அளவுக்குப் பெரிதாக்கியது. பதினோராவது கண்ணாடி, ஒரு கால் ஒடிந்த ஊதா ஃபிரேம், ஒத்து வந்தது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு படித்தார். அசுவகந்தா. துளசி. மக்னீசியம். பி வைட்டமின்கள் ஒரு வரிசை. கடைசி வரியில் கிளிசிரைசா கிளாப்ரா, வேர்ச்சாறு. அந்தப் பெயரை ஃபோனில் ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். அதிமதுரம் என்று வந்தது. அதற்குக் கீழே இருந்ததையும் படித்தார். நாள்பட நிறையச் சாப்பிட்டால் பொட்டாசியம் குறையும், இரத்த அழுத்தம் ஏறும், தசை தளரும்.

கண்ணாடியைக் கழற்றி டிரேயில் வைத்தார். நாக்கில் இன்னும் இனித்துக்கொண்டிருந்தது.

வீட்டில் கணவர் டப்பாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி, கண்டுபிடிச்சாச்சு. நிறுத்திடு. அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான். நிறுத்தினா அழுத்தம் தானா இறங்கும்னு போட்டிருக்கு. ஸ்கேன்ல ஒண்ணும் இருக்காது. அடுத்த தடவை அட்டையைக் குடுத்துடுவாங்க. யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம்."

"அப்புறம் ஏன் முகத்தை இப்படி வெச்சிருக்கே?"

அக்கா சொன்னார், "படிவத்துல இல்லைன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். பொய்யா எழுதினா அட்டையை மொத்தமா எடுத்துடலாம்னு அதுலயே போட்டிருக்கு. டாக்டர்கிட்ட சொன்னா அவங்க டிப்போவுக்கு எழுதித்தான் ஆகணும்."

"அப்ப சொல்லாதே."

"சொல்லாம இருக்க முடியலைங்க." பிறகு, இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னார். அட்டை போவதற்கு முந்தின வாரம், பள்ளிக்கூட நிறுத்தத்தில் வண்டி நின்றிருக்கும்போது பிரேக்கில் இருந்த காலின் கெண்டைச்சதை இழுத்துக்கொண்டது. கால் நழுவியது. வண்டி முன்னால் உருண்டது. ஒரு முழம்தான். கைப்பிரேக்கை இழுத்து நிறுத்திவிட்டார். முன்னால் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒருத்தி குறுக்கே போய்க்கொண்டிருந்தாள். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளுக்குத் தெரியவே தெரியாது.

கணவர் டப்பாவை மேசையில் வைத்தார். "லிஃப்ட் ஒரு விரல்கடை நழுவினாலும் நாங்க எழுதி வைக்கணும்" என்றார். "எழுதாதவனுக்கு வேலை போயிடும்."

"எழுதினவனுக்கு?"

"அவனுக்கும் சில சமயம் போயிடும்."

மறுநாள் காலை அக்கா கிளினிக்குக்குப் போய், ஆறிய டீக்குப் பக்கத்தில் டப்பாவை வைத்தார். காலிழுத்ததையும் வண்டி உருண்டதையும் சொன்னார். டாக்டர் கடைசி வரியைப் படித்தார். நாற்காலியில் சாய்ந்து கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

"எத்தனை போடுறீங்க?"

"நாலு. இங்க வர்ற அன்னிக்கு அஞ்சு."

"இங்க வர்ற அன்னிக்கு அஞ்சு" என்று டாக்டர் திருப்பிச் சொன்னார். சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "இன்னிலேர்ந்து நிறுத்திடுங்க. எழுதிக் குடுத்த மாத்திரை இப்போதைக்கு இருக்கட்டும். ஸ்கேனைத் தள்ளி வைக்கிறேன். முதல்ல உடம்பு பழையபடி வருதான்னு பார்ப்போம், ஒரு மாசம் ஆகலாம்."

"அட்ரினல் களைச்சுப் போச்சுன்னாங்களே?"

"அது நல்லாத்தான் இருக்கும்னு நினைக்கிறேன். களைச்சது நீங்க. அதுக்கு என்கிட்ட மாத்திரை இல்லம்மா." பேனாவை எடுத்தார். "டிப்போவுக்கு எழுதித்தான் ஆகணும். நான் மருந்துன்னு கேட்டேன், நீங்க இல்லைன்னீங்க, இது மருந்துன்னு உங்களுக்குத் தெரியலைன்னு எழுதுறேன். அதுக்கு மேல அவங்க பாடு. இதை வேற யார் சாப்பிடுறாங்க?"

அக்கா எழுந்துவிட்டார்.

வரும் வழியில் மருந்துக் கடையில் ஒரு இரத்த அழுத்தமானி வாங்கிக்கொண்டு நேரே தங்கை வீட்டுக்குப் போனார். தங்கை டப்பாக்களுக்குத் தூசி தட்டிக்கொண்டிருந்தாள். அக்கா விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவள் முகம் சிறுத்துக்கொண்டே போனது.

"அப்ப நான் உனக்கு விஷம் குடுத்தேன்னு சொல்றே."

"நான் அப்படிச் சொல்லலை."

"எல்லாம் இயற்கை. வேரு. ஊரே சாப்பிடுது. உனக்கு ஒருத்திக்கு ஒத்துக்கலைன்னா அது என் தப்பா? டாக்டர்கிட்ட போய் என் பேரைச் சொல்லிட்டு வந்திருக்கே."

"உன் பேரைச் சொல்லலை. டப்பாவைத்தான் காட்டினேன்."

"அதுல என் ஃபோன் நம்பர் ஒட்டியிருக்கு."

"நீ எத்தனை போடுறே?" என்று அக்கா கேட்டார்.

"நாலு."

"நிஜமா?"

"சில நாள் ஆறு. ஆள் வர்ற அன்னிக்குத் தெம்பா இருக்க வேண்டாமா? சோர்ந்து உட்கார்ந்திருக்கிறவகிட்ட யார் வாங்குவா?"

அக்கா அவள் காலைப் பார்த்தார். காலுறையின் விளிம்பு கணுக்காலில் பள்ளம் விழுந்து பதிந்திருந்தது. அழுத்தமானியைப் பிரித்து, "கையை நீட்டு" என்றார்.

"எனக்கு ஒண்ணும் இல்ல."

"நீட்டுடி."

நீட்டினாள். பட்டையைச் சுற்றினார். பொத்தானை அழுத்தியதும் மெஷின் முனகிக்கொண்டு காற்றடிக்கத் தொடங்கியது. தங்கை வாயைத் திறந்தாள். "அளக்கிறப்போ பேசக் கூடாது" என்றார் அக்கா. தங்கை வாயை மூடிக்கொண்டாள். அந்த முன்னறை அவ்வளவு நேரம் பேச்சில்லாமல் இருந்தது அன்றுதான். காற்று இறங்கி முடிந்தது. நூற்று எழுபத்திரண்டுக்கு நூறு.

"மெஷின் சரியில்ல."

"இன்னொரு தடவை பார்ப்போம். பேசாதே."

இரண்டாவது தடவை நூற்று எழுபதுக்கு நூற்று ஒன்று. தங்கை பட்டையைத் தானே அவிழ்க்கவில்லை. அலமாரியில் பச்சை வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முப்பத்தொரு பேருக்குக்கா" என்றாள். "மாடி வீட்டு டீச்சருக்கு நேத்துதான் குடுத்தேன். அவங்களுக்கு ஏற்கெனவே பிரஷர்."

"ஃபோனை எடு."

முதல் அழைப்பு மாடி வீட்டு டீச்சருக்கு. டீச்சர் நல்லவர், சரிம்மா என்று சொல்லிவிட்டார். மூன்றாமவர் கத்தினார். ஏழாமவர், தனக்கு நன்றாகத்தான் இருக்கிறது, நிறுத்த மாட்டேன் என்று வாதாடினார். அவரிடம் தங்கை அரை மணி நேரம் மல்லாடினாள். விற்கும்போதுகூட அவ்வளவு நேரம் பேசியிருக்க மாட்டாள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, பேசி முடித்த பெயர்களைக் கோடு போட்டு அடித்துக்கொண்டே வந்தார். சாயங்காலம் இரண்டு பேரும் டாக்டரிடம் போனார்கள்.

டிப்போவில் விசாரணை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. நேரக்காப்பாளரும் மேலதிகாரி ஒருவரும் உட்கார்ந்து டாக்டரின் கடிதத்தைப் படித்தார்கள். படிவத்தில் எழுதிய 'இல்லை'யைப் பொய் என்று எடுத்துக்கொள்ளவில்லை. வண்டி உருண்டதைச் சொல்லாமல் விட்டதற்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் அக்காவின் கோப்பில் ஏறியது. அது அங்கேயே இருக்கும். அடுத்து ஒரு சின்னப் பிசகு நடந்தாலும் அதைத்தான் முதலில் எடுப்பார்கள். அட்டையைப் பற்றி, கடைசிப் பரிசோதனை ஆகட்டும் என்றார்கள். அக்கா தொலைந்த பொருள் அறையில் இன்னும் ஆறு வாரம் குடை எண்ணினார். மோதிரம் நாலாவது வாரம் சோப்பு இல்லாமல் கழன்றது. படியில் கால் நின்றது. டாக்டர் மாத்திரைகளையும் ஒவ்வொன்றாக நிறுத்தினார். ஸ்கேன் வேண்டாம் என்று எழுதினார்.

பன்னிரண்டாவது வாரம் நூற்று இருபத்தெட்டுக்கு எண்பத்திரண்டு. நர்ஸ் உறையைக் கிழித்து அட்டையைக் கொடுத்தார். படிவத்தைப் புதிதாக நிரப்ப வேண்டும் என்று நேரக்காப்பாளர் ஒரு தாளை நீட்டினார். 'தற்போது எடுத்துக்கொள்ளும் மருந்துகள்' என்ற வரிக்குக் கீழே அவரே பேனாவால் ஒரு வரி சேர்த்திருந்தார்: வேர், இலை, சத்து மாத்திரை, தங்கச்சி குடுத்தது.

"எல்லாருக்கும் இப்படித்தான் குடுக்கிறேன்" என்றார். "நேத்து ஒருத்தர் பையிலேர்ந்து எட்டு டப்பா எடுத்து வெச்சார். நான் என் ஆரஞ்சு டப்பாவையும் எழுதிட்டேன்."

அக்கா இரண்டு வரிக்கும் எதிரே 'இல்லை' என்று எழுதினார். இந்தத் தடவை யோசித்து எழுதினார்.

மறுநாள் நாலே முக்காலுக்குத் திண்டோடு முற்றத்தில் நடந்தார். இருக்கையை மேலே ஏற்றினார், கண்ணாடிகளைத் திருப்பினார். ஐந்து மணி வண்டியை எடுத்தார். இரண்டு பேர் ஓடி வந்தார்கள். ஒன்பதரைக்கு இறங்கும்போது தோள்பட்டை இரண்டும் பழையபடி இறங்கியிருந்தன. மூலை நாற்காலியில் உட்கார்ந்து, சுவரில் கறுத்த வட்டத்தில் தலையைச் சாய்த்தார். நாலரை மணி நேரம் அப்படியே முன்னால் கிடந்தது.

ஒன்பது நாற்பதுக்கு ஃபோன் அடித்தது. மூன்று மாதமாக அந்த நேரத்துக்கு அது அடிக்கவில்லை. தங்கை இப்போது ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறாள். முன்னறையில் அலமாரி காலியாக நிற்கிறது.

"பார்த்தியா, எத்தனை?" என்றாள்.

"காலையில நூத்து இருபத்தாறு. உனக்கு?"

"நூத்து முப்பது. சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

"களைப்பு எப்படி இருக்கு?"

அக்கா யோசித்தார். "அது அப்படியேதான் இருக்கு."

"எனக்கும்தான்" என்றாள் தங்கை. அவள் பக்கத்தில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடும் சத்தம் கேட்டது. "சரி, கண்ணை மூடு, போ."